தறிக்காரரின் தினசரியை

“விடியக்காலம் நாலரைக்கு எந்திரிக்கோணும்னு எழுதியிருக்கீங்க டாக்டரம்மா. அந்நேரத்துக்கு நான் ஏழாவது தறிக்குத் தார் மாத்தீட்டு இருப்பேனுங்.”

கருமத்தம்பட்டியில் நான் ஆயுர்வேத வைத்தியசாலை திறந்த முதல் மாதம் அது. அவர் ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. நெஞ்சுக் கரிப்பு, வயிற்றுப் பொருமல், பகலில் படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை. மருந்து எழுதிவிட்டு, நான் ஆசையாக அச்சடித்து வைத்திருந்த தாள் ஒன்றையும் கொடுத்தேன். ‘தினசரியை’ என்று தலைப்பு. பிரம்ம முகூர்த்தத்தில் விழிப்பதில் தொடங்கி, இரவு பாதத்துக்கு எண்ணெய் தேய்ப்பது வரை பன்னிரண்டு விதிகள். நின்றபடியே முழுதும் படித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். கிண்டல் ஏதும் இல்லை. இதை நான் எப்படிச் செய்வது என்று உண்மையாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மிச்சத் தாள்கள் இன்னும் அலமாரியின் அடித்தட்டில் கட்டாகக் கிடக்கின்றன. அதன்பிறகு யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை.

கோவையிலிருந்து அவிநாசி சாலையில் கிழக்கே வந்தால், சூலூர் வட்டத்தில் எங்கள் ஊர். பக்கத்தில் சோமனூர், அதைத் தாண்டினால் நொய்யல். சுற்றிலும் விசைத்தறி. பெரும்பாலும் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடை நூலும் வேறொருவர் கொடுப்பார். இவர்கள் துணியாக்கித் திருப்பிக் கொடுப்பார்கள். எட்டிலிருந்து எட்டு வரை ஒரு ஷிப்ட். ஒரே ஆள் ஆறு தறி, எட்டுத் தறி பார்ப்பார். நூல் அறுந்த தறிக்கும், ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்த தறிக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார். உட்கார நேரமிருக்காது. தறிச் சத்தத்தில் ஒருவர் பேசினால் இன்னொருவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். என்னிடம் வரும் பத்துப் பேரில் ஆறு பேர் தறியோடு ஏதோ ஒரு வகையில் கட்டுண்டவர்கள்.

இந்த மண்ணுக்கு ஆயுர்வேதம் புதிதல்ல. ஆடியில் எங்கள் பக்கம் ஆளைத் தள்ளும் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது. மலையாள வைத்தியமும் அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது. பி.வி. ராம வாரியர் 1943இல் கோவையில் ஆரிய வைத்திய பார்மஸியைத் தொடங்கினார். அவர் மகன் பி.ஆர். கிருஷ்ணகுமார் அதை ஆராய்ச்சி வரைக்கும் கொண்டுபோனார். முடக்குவாத நோயாளிகள் 43 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆயுர்வேத மருந்து, ஒரு பிரிவுக்கு ஆங்கில மருந்தான மெத்தோட்ரெக்சேட், மூன்றாவதற்கு இரண்டும் என்று, எது யாருக்குப் போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாமல் மருத்துவருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வு அவர்கள் மையத்தில்தான் நடந்தது. அமெரிக்க மூட்டு மருத்துவர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. மூன்று பிரிவிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. சின்ன ஆய்வுதான், முன்னோட்டம் என்றே அவர்களும் எழுதினார்கள். ஆனாலும் ‘எங்கள் மருந்தைச் சோதித்துப் பாருங்கள்’ என்று துணிந்து நின்ற அந்த மனம் எனக்குப் பெரிது. ஆயுர்வேதம் படித்தவள் என்று சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் அது நினைவில் இருக்க வேண்டும் என்று நினைப்பேன்.

தறிக்காரரின் கேள்விக்கு வருகிறேன். அன்று ராத்திரி அஷ்டாங்க ஹிருதயத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்லூரியில் மனப்பாடம் செய்த நூல். தினசரியை இரண்டாம் அத்தியாயம், அது நன்றாகத் தெரியும். ஏழாம் அத்தியாயம் உணவைக் காப்பது பற்றியது. அதன் பின்பகுதியில் தூக்கத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு விதி இருக்கிறது. பரீட்சைக்குப் படித்தபோது கண்ணில் பட்டு, மனதில் தங்காமல் போன விதி. பழக்கமில்லாமல் ராத்திரி கண்விழிக்க நேர்ந்தவர், விழித்த நேரத்தில் பாதி அளவு, மறுநாள் காலையில், சாப்பிடும் முன் தூங்க வேண்டும் என்கிறார் அந்த நூலை எழுதிய வாக்படர். பகல் தூக்கம் கூடாது என்று கண்டிப்பவர்தான், பாரம் சுமந்து களைத்தவருக்கும் வழிநடந்து களைத்தவருக்கும் விலக்குக் கொடுக்கிறார். அத்தனை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ராத்திரி ஷிப்ட்காரருக்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்! நான்தான் அதை விட்டுவிட்டுப் பன்னிரண்டு விதியை அச்சடித்திருக்கிறேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது சாப்பாட்டைக் கேட்டேன். எட்டு மணிக்கு ஷிப்ட் விட்டதும் முக்கு ஓட்டலில் நாலு பரோட்டா, குருமா. எட்டரைக்குப் படுக்கை. பன்னிரண்டு மணிக்கு வெயிலும் குழந்தைகளின் சத்தமும் எழுப்பிவிடும். வயிற்றில் இருப்பது செரிக்கவும் இல்லை, தூக்கம் முழுமையாகவும் இல்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: பரோட்டா வேண்டாம். வீட்டுக்குப் போய் முகம், கை, கால் கழுவி, வெறும் வயிற்றில் படுக்க முடியாவிட்டால் அரை டம்ளர் ராகிக்கூழோ இளஞ்சூட்டுப் பாலோ குடியுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். அது நெய்கிற ஊரில் கிடைக்காத சரக்கல்லவே. படுக்கும் முன் உள்ளங்காலுக்கு ஒரு கரண்டி நல்லெண்ணெய் தேய்த்து விடுங்கள். எழுந்தபிறகு சாப்பிடுங்கள்.

“அவ்வளவுதானுங்களா?” என்றார். மூன்று வாரம் கழித்து வந்தபோது நெஞ்சுக் கரிப்பு பாதி குறைந்திருந்தது. தூக்கம் ஆறு மணி நேரம் வந்தது. இதில் என் மருந்தின் பங்கு எவ்வளவு, பரோட்டாவை விட்டதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பரோட்டாவுக்குத்தான் அதிகப் பங்கு என்பது என் எண்ணம். உடம்புக்குள் இருக்கும் நாள்-கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூன்று பேருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்துக்கு எதிராக நிற்கிறவருக்குச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை ஒழுங்காகச் செய்தால் உடம்பு நன்றி காட்டுகிறது.

யோகத்திலும் இதே பாடம்தான். ‘ஆரோக்கியத்துக்கு உடற்பயிற்சி’ என்று எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதுகிறோம். வாக்படர் உடற்பயிற்சியைப் பாதி பலத்தோடு நிறுத்தச் சொல்கிறார். அதுவும் பலசாலிக்கு, நெய்யும் எண்ணெயும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கு, குளிர்காலத்திலும் வசந்தத்திலும். மற்றக் காலங்களில் அதற்கும் குறைவு. பன்னிரண்டு மணி நேரம் எட்டுத் தறிக்கு நடந்தவரிடம் நாற்பது சூரிய நமஸ்காரம் செய்யச் சொன்னால் அது எந்த யோகம்? அவருக்கு வேண்டியது நேரெதிர். சுவரோரம் பாயைப் போட்டு, இடுப்பைச் சுவரை ஒட்டி வைத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கிச் சாய்த்துப் பத்து நிமிடம் படுத்திருப்பது. விபரீத கரணியின் எளிய வடிவம். நாளெல்லாம் கீழே தேங்கிய ரத்தம் திரும்புகிறது. கெண்டைக்காலின் கனம் குறைகிறது. காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருப்பவர்களுக்கு இதனால் நரம்பு மறையாது. வலி தணியும், வீக்கம் வடியும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

என் அண்ணன் மகன் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ஒன்பது மணி நேரம் நாற்காலி. அவனுக்கும் அதே பாதி பலம்தான் சொன்னேன். ஆனால் அவன் தன் பலத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை. நெற்றியிலும் மூக்கிலும் அக்குளிலும் வியர்வை அரும்பி, வாய் உலர ஆரம்பிக்கும்போது பாதி பலம் ஆயிற்று என்று வைத்தியர்கள் அடையாளம் சொல்வார்கள். அந்த வியர்வை வரும்வரை நட என்றேன். ஒரே விதி தறிக்காரரைப் படுக்க வைக்கிறது, இவனை எழுப்பி நடக்க வைக்கிறது. கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு என்று எங்கள் ஆத்தாமார் சொல்லி வைத்ததும் இதைத்தான். அவன் இந்தப் பழமொழியில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, எடை குறைக்கிறேன் என்று சித்திரை வெயிலில் தினம் கொள்ளு ரசமும் கொள்ளுச் சுண்டலுமாகச் சாப்பிட்டு, வாய்ப்புண்ணோடு வந்து நின்றான். கொள்ளு சூடு. சளிக்கும் மார்கழிக் குளிருக்கும் அது மருந்து. சித்திரைக்குக் கம்மங்கூழும் மோரும்தான். அது அவன் பாட்டிக்குத் தெரியும். அவனுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.

உடற்பயிற்சி என்றால் எங்கள் பக்கத்தில் வேதாத்திரி மகரிஷியின் பெயரைச் சொல்லாமல் முடியாது. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்து வளர்ந்தவர். பின்னாளில் ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் அமைத்து, 2006இல் மறைந்தார். அவருடைய எளியமுறை உடற்பயிற்சியை ஊர் ஊராக மனவளக்கலை மன்றங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கை, கால், மூச்சு, கண், மகராசனம், உடம்பைத் தடவி விடுதல், கடைசியில் தளர்ந்து படுத்தல். வளைந்து நெளிந்து வித்தை காட்டுகிற ஆசனம் ஒன்றும் அதில் கிடையாது. உடம்பால் உழைக்கிறவனின் உடம்பு எப்படியிருக்கும் என்று தெரிந்த ஒருவர் வகுத்த வரிசை என்று அதைச் செய்யும்போதெல்லாம் தோன்றும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை நான் அங்கேதான் அனுப்புகிறேன்.

ஊரின் இன்னொரு அடையாளம் செபமாலை அன்னை கோயில். 2019இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. அந்தக் கோயில் தெருவிலிருந்து ஒரு பாட்டியைப் பேரன் கூட்டி வந்தான். ரத்த அழுத்தம், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், இருந்தும் படபடப்பு, ராத்திரியில் திடுக்கென்று விழிப்பு. மூச்சுப் பயிற்சி சொல்லித் தரலாம் என்று ஆரம்பித்தேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

“யோகா எல்லாம் நமக்கு வேண்டாங் கண்ணு. நாங்க வேதக்காரங்க.”

எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வோம். அந்த அம்மாவின் கழுத்தில் செபமாலை இருந்தது. 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு அப்போது நினைவுக்கு வந்தது. இத்தாலியில் பெர்னார்தி என்ற மருத்துவரும் அவர் கூட்டத்தாரும் 23 பேரை உட்கார வைத்து, செபமாலையின் மங்கள வார்த்தை செபத்தை லத்தீனில் சொல்லச் சொன்னார்கள். பிறகு ஒரு பௌத்த மந்திரத்தைச் சொல்லச் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குத் தணிந்தது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்துக்கு இசைந்து ஏறி இறங்கின. நாங்கள் பிராணாயாமத்தில் தேடுவதும் அந்த மெதுவான மூச்சைத்தான்.

“பாட்டி, செபமாலை எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டேன்.

“வேலையோட வேலையா, வாய்க்குள்ளயே சொல்லிருவேன் சாமி. அரை மணியில ஐம்பத்து மூணும் முடிஞ்சிரும்.”

“இனிமே ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு பத்து மணி மட்டும் உட்கார்ந்து சொல்லுங்க. வாய்விட்டு. முன்பாதி நீங்க, பின்பாதி பேரன். அவசரமே படக்கூடாது. உங்க பாதி ஒரே மூச்சுல முடியோணும். அவன் சொல்றப்ப நீங்க மூச்சு இழுத்துக்கோங்க.”

அங்கேயே ஒன்று சொல்லிப் பார்த்தோம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் நிதானமாகச் சொன்னால் ஒரு செபத்துக்குப் பதினைந்து விநாடிக்குக் குறையவில்லை. மூன்றாவது செபத்தில் அந்த அம்மாவின் தோள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். காதை ஒட்டித் தூக்கிக்கொண்டிருந்த தோள். மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. படபடப்பு மட்டும் குறைந்தது. “அம்முச்சி இப்ப விடிய வரைக்கும் தூங்குதுங்க” என்று பேரன் வந்து சொன்னான். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் அட்டாங்க யோகத்தைப் பாடினார். அவர் பேசிய மூச்சு மாதா கோயில் தெருவிலும் அதே மூச்சுதான்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாக இருப்பது.

தறிக்குப் போகும் பெண்கள் நீர்க்கடுப்போடு வருவார்கள். முப்பது, முப்பத்தைந்து வயது. அடிவயிற்று வலி, சொட்டுச் சொட்டாக நீர், எரிச்சல். காய்ச்சலும் குளிரும் இருந்தால் நான் வைத்துக்கொள்ள மாட்டேன். சிறுநீர்ப் பரிசோதனை செய்து ஆண்டிபயாட்டிக் எடுக்க அனுப்பிவிடுவேன். மற்றவர்களுக்கு நெருஞ்சில் கஷாயம், சந்திரபிரபா, சிறுபீளைக் குடிநீர். எங்கள் பக்கத்தில் போகியன்று காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலிலும் காட்டிலும் பட்டியிலும் செருகுவோம். அந்தப் பூளைதான் சிறுபீளை. நீர் அடைப்புக்கும் கல்லடைப்புக்கும் வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்துவரும் செடி. வருஷத்துக்கு ஒரு தரம் நிலைவாசலில் கட்டிக் கும்பிடும் செடியைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னால் பெண்கள் சந்தோஷமாகக் குடிப்பார்கள். பத்து நாளில் சரியாகும். ஒன்றரை மாதத்தில் திரும்பி வருவார்கள்.

ஒரு பெண் நான்காவது தடவையாக வந்தபோது, இத்தனை நாள் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை சொம்பு தண்ணி குடிப்பீங்க?”

“காலையில காப்பி குடிக்கறதோட சரிங்க. அப்புறம் பொழுதோட ஊட்டுக்குப் போய்த்தான்.”

“ஏன்?”

“குடிச்சா போகோணுமில்லீங்க.”

அதற்குமேல் அந்தப் பெண் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை பார்க்கும் தறிக்குடோன் பக்கம் போனேன். அஸ்பெஸ்டாஸ் கூரை, பன்னிரண்டு தறி, பின்பக்கம் சீமைக்கருவேலங்காடு. ஆண்கள் அந்தக் காட்டுக்குள் போய் வருவார்கள். பெண்கள் காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை அடக்கிக்கொண்டு நின்றார்கள். மாதவிலக்கு நாட்களிலும் அப்படித்தான். இது அங்கே ரகசியம் ஒன்றுமில்லை. யாரும் பேசாத விஷயம், அவ்வளவே.

அஷ்டாங்க ஹிருதயத்தின் நான்காம் அத்தியாயத்துக்கு ‘நோய் தோன்றாமல் காப்பது’ என்று பொருள்படும் பெயர். அந்த அத்தியாயம் சத்து மருந்தில் தொடங்கவில்லை; ஆசனத்திலும் தொடங்கவில்லை. இயற்கை வேகங்களை அடக்காதே என்றுதான் தொடங்குகிறது. மலம், சிறுநீர், தும்மல், தாகம், பசி, தூக்கம், இருமல், கொட்டாவி, கண்ணீர் என்று பதின்மூன்று சொல்கிறார் வாக்படர். சித்த வைத்தியம் பதினான்கு என்று எண்ணும். சிறுநீரை அடக்கினால் கல்லடைப்பும் அடிவயிற்று நோவும் வரும் என்று அங்கேயே இருக்கிறது. தறிமேடையில் நிற்கும் பெண் இந்தப் பதின்மூன்றில் எத்தனையை அடக்குகிறாள் என்று எண்ணிப் பார்த்தேன். சிறுநீர், மலம், தாகம், பசி, தூக்கம், பல நாள் கண்ணீரும். நான் அவளுக்கு நாலு முறை கஷாயம் கொடுத்திருக்கிறேன். காரணம் உட்கார்ந்திருந்த இடத்தை அதுவரை ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்றது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்பது அந்தச் சட்டத்தின் கணக்காக இருந்தது. எங்கள் ஊர்க் குடோன்களில் பல அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. கடைகளில் நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. அதைப் படித்த நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். தறிமேடைக்கும் அப்படி ஒருவர் யோசிக்க வேண்டும்.

குடோன்காரரிடம் நேரே போகவில்லை. அவருடைய அம்மா முழங்கால் வலிக்கு என்னிடம் வருகிறவர். எண்ணெய்ப் பிழிச்சல் சிகிச்சை முடிந்து துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நானும் அந்தக் காலத்துல காட்டு வேலைக்குப் போய் இப்படித்தான் இருந்தேன் அம்மிணி” என்றார். கூலிப் பிரச்சினையில் தறிகள் நின்று பணம் இறுகிய நேரம் வேறு. ஆனாலும் ஆறு மாதத்தில் குடோனின் பக்கவாட்டில் ஒரு கழிப்பறை எழும்பியது. அந்தப் பெண் இப்போது தறிக்கு ஒரு லிட்டர் பாட்டில் கொண்டு போகிறார். அவருடைய சீட்டில் கடைசியாக நெருஞ்சில் கஷாயம் எழுதி இரண்டு வருடம் ஆகிறது.

நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டவள் என்று யாரும் எண்ண வேண்டாம். தொழிலின் மூன்றாவது வருடம், குதிகால் வலி என்று வந்த ஒரு பெரியவருக்கு உப்பு ஒத்தடம் சொல்லி அனுப்பினேன். அவருக்குப் பதினைந்து வருடச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று நான் சோதிக்கவில்லை. வீட்டில் ஒத்தட மூட்டை சூடாக இருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. நாலாவது நாள் குதிகாலில் கொப்புளத்தோடு வந்தார். ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று; அறுவை மருத்துவர் ஒருவர்தான் காலைக் காப்பாற்றினார். தவறு முழுக்க என்னுடையது. அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. “உங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலைங்” என்றார். அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது. அன்றிலிருந்து என் மேஜை இழுப்பறையில் பத்துக் கிராம் அழுத்தத்துக்கு வளையும் நைலான் இழை ஒன்று இருக்கிறது. சர்க்கரை நோயாளி யார் வந்தாலும் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அந்த இழையைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்ட பிறகுதான் எண்ணெயைப் பற்றியோ ஒத்தடத்தைப் பற்றியோ பேசுவேன்.

காதிலும் ஒரு பாடம் உண்டு. முப்பது வருடம் தறி ஓட்டிக் காது மந்தமானவர்கள் ‘காதுக்கு எண்ணெய் விடுங்க டாக்டரம்மா’ என்று கேட்பார்கள். தலை, காது, பாதம் மூன்றுக்கும் தவறாமல் எண்ணெய் என்று நூல் சொல்வது உண்மை. ஆனால் சத்தத்தில் செத்துப்போன உட்செவி நுண்மயிர் அணுக்களை எந்தத் தைலமும் எழுப்பாது. ஆரம்பத்தில் ஒருவருக்கு ஏழு நாள் கர்ண பூரணம் செய்து காசும் வாங்கினேன். பலன் இல்லை. இப்போது முதியவர்களைக் காது மருத்துவரிடம் அனுப்புகிறேன். இளையவர்களுக்கு நுரைச் செருகியை விரலால் உருட்டி, காது மடலை மேலே இழுத்து, உள்ளே வைத்துப் பிடிக்கக் கற்றுத் தருகிறேன். வெறும் பஞ்சு அடைத்தால் போதாது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சை இறுக்குகிறது, வியாழன் வெள்ளியில் சரியாகிவிடுகிறது என்று நூல்மில் ஆட்கள் யாராவது சொன்னால், ஆடாதோடைக் கஷாயத்தோடு நிறுத்த மாட்டேன். பஞ்சுத் தூசி நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும். நெஞ்சு மருத்துவரிடம் அன்றே சீட்டு எழுதிவிடுவேன்.

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “இதைச் சாப்பிட்டா சுகர் மாத்திரையை நிறுத்திரலாமுங்களா?” கூடாது. நிறுத்துவதோ குறைப்பதோ மாத்திரை கொடுத்தவர் பரிசோதனையைப் பார்த்துச் செய்ய வேண்டியது. புதிதாக வருகிறவர்களிடம் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். பையில் பெயரில்லாத டப்பா ஒன்று இருந்தால் எனக்குப் பயம். மூட்டு வலி இரண்டே நாளில் பறந்துபோகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 193ஐ வாங்கிச் சோதித்து 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. எங்கள் துறையில் சிலருக்கு அந்த ஆய்வின்மேல் கோபம். எனக்குக் கோபம் அப்படி விற்றவர்கள்மேல். உரிமம் எண்ணும் தயாரிப்புத் தேதியும் இல்லாத எதையும் வாங்காதீர்கள். இயற்கை மருந்து, பக்க விளைவே கிடையாது என்று சொல்லி விற்கிறவரிடம் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் வந்த அந்தத் தறிக்காரருக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. ராத்திரி ஷிப்டை விட்டுவிட்டார். போன வாரம் மகளின் பிரசவத்துக்குப் பத்தியம் கேட்க வந்தவர், நாலரைக்கே தானாக விழிப்பு வந்துவிடுகிறது என்றார்.

குடோன் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தறி வாங்கும் முன், உள்பக்கம் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கழிப்பறையும் அதற்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கட்டிவிடுங்கள். எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்று உங்களிடம் நெய்கிற பெண்களையே கேளுங்கள், சொல்வார்கள்.